‘உள்நாட்டு விவகாரம்’ என்னும் மறைவிடம்

1946ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் முதல் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. இந்தியாவுக்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை. டெல்லியில் இருந்தது இடைக்கால அரசு. ஆனாலும் விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற இந்தியக் குழு உலக நாடுகளின் முன் ஒரு புகாரை வைத்தது. தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்பதை இனத்தைப் பார்த்து வரையறுக்கும் சட்டத்தை அந்த நாடு அந்த ஆண்டுதான் கொண்டுவந்திருந்தது. அந்த மக்களில் பெரும்பகுதியினர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1860 நவம்பரில் அவர்களை ஏற்றிக்கொண்டு டர்பனில் முதலில் வந்து நின்ற ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது.

தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் தரப்பின் பதில் சுருக்கமானது. இவர்களை எப்படி நடத்துவது என்பது எங்கள் உள்நாட்டு விவகாரம். உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்று சாசனத்தின் இரண்டாம் பிரிவே சொல்கிறது. அந்தச் சாசனத்தின் முகவுரைக்கு முதல் வரைவை எழுதியவரே ஸ்மட்ஸ்தான். பிரிட்டனும் அமெரிக்காவும் அவர் பக்கம் நின்றன. டிசம்பர் 8ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. இந்திய வம்சாவளியினரைத் தன் சர்வதேசக் கடமைகளின்படி தென்னாப்பிரிக்கா நடத்த வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. ‘உள்நாட்டு விவகாரம்’ என்ற வாதம் உலக மன்றத்தில் அன்று தோற்றது. அதைத் தோற்கடிக்க முன்னின்றது இந்தியா.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே வாதத்தை இந்தியர்களே இந்தியர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதைப் பற்றி ஜெனீவாவில் யாராவது கேள்வி எழுப்பினால், ‘இவர்களுக்கு என்ன வேலை, இது நம் வீட்டு விஷயம்’ என்று தொலைக்காட்சி விவாதத்தில் குரல் உயர்கிறது. மனித உரிமை என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று இன்னொருவர் சேர்த்துக்கொள்கிறார். விஷயம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் கடைசியில் முடித்துவைக்கிறார்: ‘சர்வதேசச் சட்டத்துக்குப் பல் கிடையாது. பலமுள்ளவனை அது கடிக்காது.’ கொழும்பிலும் இதுவே பேச்சு. டாக்காவிலும், யாங்கோனிலும், பெய்ஜிங்கிலும் இதே பேச்சுதான். ஆளும் தரப்புக்கு வசதியாக இருப்பதால் இது பரவியது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நியாயம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்களும் இதை நம்புகிறார்கள். அதனால்தான் இதை மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் சரக்கு என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். 1948இல் மனித உரிமைப் பிரகடனம் வரையப்பட்டபோது, ‘ஆண்கள் அனைவரும்’ என்று பொருள்படத் தொடங்கிய முதல் பிரிவை ‘மனிதர்கள் அனைவரும்’ என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. வரைவுக் குழுவில் சீனாவின் பி.சி. சாங்கும் லெபனானின் சார்லஸ் மாலிக்கும் முன்வரிசையில் இருந்தார்கள். இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தவை புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள். காலனி நாடுகளை வைத்திருந்த பிரிட்டன், பிரான்ஸ் போன்றவைதாம் இந்தச் சட்டம் தங்கள் காலனிகளுக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்று பதறின. 1950இல் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை எழுதியபோது, காலனிகளுக்கு அது பொருந்துமா என்பதை ஆளும் நாடே முடிவுசெய்துகொள்ளலாம் என்று ஒரு தனிப்பிரிவையே வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் பதறியதற்குக் காரணம் இருந்தது. கென்யாவில் மாவ் மாவ் எழுச்சியை அடக்கப் பிரிட்டிஷ் நிர்வாகம் முகாம்களில் செய்த சித்திரவதைகளுக்காக, உயிரோடு எஞ்சியிருந்த முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜூனில் பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்ட் தர ஒப்புக்கொண்டது. மனித உரிமை என்ற சொல்லை வெள்ளைக்காரனுக்குச் சொந்தமாக்கிவிட்டால், இந்தக் கென்ய முதியவர்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நீதிமன்றத்தின் படியேறியிருப்பார்கள்?

அடுத்தது, பல் இல்லை என்ற பேச்சு. இது சற்று வலுவானது. சர்வதேசச் சட்டத்துக்குத் தனிப் போலீஸ் இல்லை, சிறைச்சாலை இல்லை; பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ இருக்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து, ‘ஆகவே அது சட்டமே இல்லை’ என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் ஹிசேன் ஹப்ரேயின் கதையை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

சாட் ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் வறண்ட நாடு. 1982 ஜூன் முதல் 1990 டிசம்பர் வரை ஹப்ரே அதை ஆண்டார். லிபியாவின் கடாபிக்கு எதிரி என்பதால் அமெரிக்காவும் பிரான்சும் அவருக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தன. 1987இல் ரீகன் அவரை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்தார். அதே காலத்தில் தலைநகர் இன்ஜமினாவில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன நீச்சல் குளம் ஒன்றின் மேல் கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே அறைகளாகத் தடுத்து, நிலத்தடிச் சிறையாக்கியிருந்தார்கள். ‘பிசீன்’, அதாவது குளம் என்பதே அந்தச் சிறையின் பெயர். ஹப்ரே வீழ்ந்த பின் அமைந்த விசாரணை ஆணையம், அவர் ஆட்சியில் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று 1992இல் மதிப்பிட்டது. ஆட்சி கவிழ்ந்ததும் அவர் செனகலுக்கு ஓடிப்போய், டக்காரில் வசதியாகக் குடியேறிவிட்டார்.

சுலைமான் கெங்கெங் என்ற கணக்காளர் இரண்டாண்டுக்கு மேல் அந்தச் சிறைகளில் கிடந்து, பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்தவர். உயிரோடு வெளியே போனால் இதற்கு நியாயம் கேட்பேன் என்று உள்ளேயே சபதம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் வீடு வீடாகப் போய் 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். புதிய ஆட்சியிலும் ஹப்ரேயின் ஆட்கள் பதவிகளில் இருந்ததால் அந்தக் கட்டுகளை ஆண்டுக்கணக்கில் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. 2001இல் கைவிடப்பட்ட ரகசியப் போலீஸ் அலுவலகத்தில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த கோப்புகள் கிடைத்தன. 12,321 பேரின் பெயர்கள், அவர்களில் 1,208 பேர் செத்த விவரங்கள் அந்தப் போலீஸின் சொந்தக் கையெழுத்திலேயே இருந்தன. அதே ஆண்டு, பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர் ஜாக்லின் முதைனா மீது கையெறி குண்டு வீசப்பட்டது. காலில் சிதறல்களோடு அவர் வழக்கைத் தொடர்ந்தார்.

இவர்கள் கையில் படையும் பணமும் கிடையாது. இருந்தது ஒரு காகிதம்: 1984ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை. செனகல் அதை ஏற்று உறுதிசெய்த நாடு. சித்திரவதை செய்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், எந்த நாட்டில் செய்திருந்தாலும், உன் மண்ணில் கால் வைத்தால் நீயே விசாரி, அல்லது விசாரிக்கக் கேட்கும் நாட்டிடம் ஒப்படை என்பது அந்த உடன்படிக்கையின் கட்டளை. 2000 ஜனவரியில் டக்காரில் புகார் கொடுத்தார்கள். நீதிபதி குற்றம் சாட்டினார். மேல் நீதிமன்றங்கள் அதிகாரம் இல்லை என்று தள்ளின. பெல்ஜியத்துக்குப் போனார்கள்; 2005இல் பெல்ஜிய நீதிபதி ஹப்ரேயை ஒப்படைக்கக் கேட்டார். செனகல் கொடுக்கவில்லை. ஐ.நா.வின் சித்திரவதைத் தடுப்புக் குழு, செனகல் உடன்படிக்கையை மீறிவிட்டது என்று 2006இல் சொன்னது. ஆப்பிரிக்க ஒன்றியம், ஆப்பிரிக்காவின் சார்பில் நீயே விசாரி என்று செனகலிடம் சொன்னது. விசாரணை தொடங்கவில்லை. பல் இல்லை என்பவர்கள் கதையை இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

2009இல் பெல்ஜியம் தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் செனகல் மீது வழக்குப் போட்டது. பணம் இல்லை என்றது செனகல். உள்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றது. 2012 ஜூலை 20ஆம் தேதி வந்த தீர்ப்பு இரண்டையும் ஏற்கவில்லை. இனியும் தாமதிக்காமல் விசாரி, இல்லையென்றால் ஒப்படை என்று ஒரு குரலில் உத்தரவிட்டது. அந்த ஆண்டே செனகலில் ஆட்சி மாறியிருந்தது; புதிய அதிபர் மாக்கி சால் தீர்ப்பை மதித்தார். ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து தனி நீதிமன்றம் அமைந்தது. 2013இல் ஹப்ரே கைது. 2015இல் விசாரணை தொடங்கியது. 93 சாட்சிகள் வந்தார்கள். பல ஆண்டுகளாக வாய் திறக்காத பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை அவர் முன்னால் நின்று சொன்னார்கள். 2016 மே 30ஆம் தேதி, புர்கினா பாசோவைச் சேர்ந்த நீதிபதி தலைமையிலான ஆப்பிரிக்க நீதிபதிகள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் சித்திரவதைக்காகவும் போர்க்குற்றங்களுக்காகவும் ஹப்ரேக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். 2021 ஆகஸ்டில் அவர் செத்தபோது தண்டனைக் கைதியாகவே செத்தார்.

எதிர்வாதம் எழும் என்று தெரியும். பதினாறு ஆண்டு ஆகிவிட்டதே, மேல்முறையீட்டில் அறிவித்த 8,200 கோடி பிராங்க் இழப்பீடு ஏழாயிரம் பேருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லையே என்பார்கள். சரிதான். சாட் அரசு ஒரு பகுதியைக் கொடுக்கத் தொடங்கியதே 2024இல்தான். காத்திருந்தே பலர் போய்விட்டார்கள். இது பெருங்குறை. ஆனால் அதே தராசில் உள்நாட்டுச் சட்டத்தையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரைச் சூறையாடி, 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். தீர்ப்பு வந்தது 2011இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். முப்பத்தோரு ஆண்டுகள். இதைப் பார்த்துவிட்டு இந்தியத் தண்டனைச் சட்டம் வெறும் காகிதம், தூக்கிப் போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வழக்கை இன்னும் வேகமாக நடத்துங்கள் என்றுதான் கேட்டார்கள். சர்வதேசச் சட்டத்துக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

செனகல் வழக்கு செனகலோடு முடியவும் இல்லை. செத்தவர்களில் யாரும் பெல்ஜிய நாட்டவர் இல்லையே, பெல்ஜியம் எப்படி வழக்குப் போடலாம் என்ற கேள்வி அங்கே எழுந்தது. இந்த உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் மற்ற நாடுகள் அதைக் காப்பாற்றுகின்றனவா என்று கேட்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் விடை சொன்னது. அந்த வாசலைத் திறந்துவிட்டதால்தான், மியான்மரிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காம்பியா என்ற சின்னஞ்சிறு நாடு, ரோஹிங்கியா மக்களுக்காக 2019இல் அதே நீதிமன்றத்தில் மியான்மர் மீது இனப்படுகொலை வழக்குத் தொடுக்க முடிந்தது. ஆங் சான் சூச்சியே தி ஹேக் வந்து தன் நாட்டுக்காக வாதாட வேண்டியிருந்தது. காம்பியாவுக்கு இதில் என்ன வேலை என்ற ஆட்சேபத்தை 2022இல் நீதிமன்றம் நிராகரித்தது. ‘உங்களுக்கு என்ன வேலை’ என்ற கேள்விக்கு, இதைவிடத் தெளிவான சட்டப் பதில் வேண்டியதில்லை.

வல்லரசுகள் தப்பிவிடுகின்றனவே என்ற ஆற்றாமை நியாயமானது. நிகரகுவா வழக்கில் 1986இல் தனக்கு எதிராக வந்த தீர்ப்பை அமெரிக்கா மதிக்கவில்லை. பாதுகாப்பு சபையில் வீட்டோவால் தடுத்தது. காசாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்துக்கொண்டே ஆயுதம் அனுப்பும் அரசுகள் இருக்கும்போது, சட்டத்தைப் பற்றிப் பேசுவதே பலருக்குக் கசக்கிறது. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க உளவுத்துறை ஆட்களைப் பிடித்து ரகசியச் சிறைகளில் வைத்து வதைத்தது. அமெரிக்காவை எந்த நீதிமன்றமும் தொட முடியவில்லை. ஆனால் அந்தச் சிறைக்கு இடம் கொடுத்த போலந்து தப்பவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் போலந்தே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அது இழப்பீடும் கட்டியது. பிறகு ருமேனியாவும் லிதுவேனியாவும் அதே கூண்டில் நின்றன. பெரியவன் செய்யும் அநியாயத்துக்குச் சின்னவன் திண்ணை கொடுத்தால் விலை உண்டு என்று ஆகிவிட்டது. பெரியவன் தப்பினான் என்பதற்காக இந்த அளவுக்காவது வேலை செய்யும் சட்டத்தைக் கைவிட்டால், அதனால் லாபம் அடைபவன் அந்தப் பெரியவனே.

அரசுகள் ஒளிந்துகொள்ளும் இன்னொரு இடம் உண்டு. ‘நாங்கள் செய்யவில்லை, யாரோ செய்திருக்கிறார்கள், யார் என்று எங்களுக்கும் தெரியவில்லை.’ ஆள் கடத்தப்பட்ட நாடுகளில் எல்லாம் கேட்ட வசனம் இது. இதற்குப் பதில் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸிலிருந்து வந்தது. 1981 செப்டம்பரில் தெகுசிகல்பா நகரில் மன்ஃப்ரெதோ வெலாஸ்கெஸ் என்ற மாணவர் எண் பலகை இல்லாத வண்டியில் வந்தவர்களால் தூக்கிச் செல்லப்பட்டார். திரும்பவே இல்லை. எங்களிடம் இல்லை என்றது ராணுவம். வழக்கு அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணை நடந்துகொண்டிருந்த 1988 ஜனவரியில் சாட்சி சொன்ன ஒருவரும் சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட ஒருவரும் கொல்லப்பட்டார்கள். அதற்கெல்லாம் அந்த நீதிமன்றம் அசைந்துகொடுக்கவில்லை.

1988 ஜூலை 29ஆம் தேதி வந்த அந்தத் தீர்ப்பு இந்தத் துறையின் அடித்தளக் கற்களில் ஒன்று. குற்றம் செய்தது யார் என்று தெரியாமலே இருக்கலாம். அரசைச் சேராத தனி ஆளாகக்கூட இருக்கலாம். அதைத் தடுக்க உரிய அக்கறையோடு அரசு முயன்றதா? நடந்த பிறகு உண்மையாகத் தேடியதா? குற்றவாளியைத் தண்டித்ததா? இல்லையென்றால் பொறுப்பு அரசின் தலையில் விழும் என்றது நீதிமன்றம். ஒருவர் எங்கே போனார் என்று அவருடைய தாய் நிரூபிக்க வேண்டியதில்லை. தேடிச் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு. ஒப்புக்காக நடத்தும் விசாரணை விசாரணையே ஆகாது என்றும் சொன்னது.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து சாலையோரப் பந்தலில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் கேட்பதும் இதையேதான். வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. காணாமல் போனோருக்கான அலுவலகமும் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. அப்படியிருக்க, ‘வெளிநாட்டு அழுத்தத்துக்குப் பணிய மாட்டோம்’ என்று கொழும்பு சொல்வதற்கு இடம் எங்கே இருக்கிறது? அந்தத் தாய்மார்கள் எந்த வெளிநாட்டுக்காரனின் வாக்கையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இலங்கை அரசு தன் கைப்பட எழுதிக்கொடுத்த வாக்கைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இலங்கையின் உச்ச நீதிமன்றமே இந்த விஷயத்தில் 2006இல் ஒரு பெரும்பிழை செய்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், மிரட்டி வாங்கியதாக அவர் சொன்ன வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கப்பட்ட தமிழர் ஒருவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார். வாக்குமூலம் மிரட்டி வாங்கப்பட்டது என்று அவரே நிரூபிக்க வேண்டும் என்பது நியாயமான விசாரணை ஆகாது என்று 2004இல் குழு அவர் பக்கம் சொன்னது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அப்படி முறையிட வழிசெய்யும் ஒப்பந்தத்தில் 1997இல் அதிபர் சேர்ந்ததே அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று தலைமை நீதிபதி அமர்வு தள்ளிவிட்டது. உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒப்பந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது ஒப்பந்தங்கள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டு வழக்கத்தில் கடன் வாங்குவது செல்லாது என்று வந்து நிற்பதை எந்தப் பஞ்சாயத்தும் ஏற்காது.

இந்திய நீதிமன்றங்கள் இந்த இடத்தில் நல்ல வழியில் நடந்திருக்கின்றன. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தபோது, சட்டவிரோதமாகக் கைதுசெய்யப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை எங்கள் சட்டத்தில் கிடையாது என்று இந்திய அரசு ஒரு விலக்கு எழுதிவைத்தது. 1987 டிசம்பரில் ஒடிசாவில் போலீஸ் பிடித்துச் சென்ற 22 வயது இளைஞரின் உடல் மறுநாள் ரயில் பாதையில் கிடந்தது. தாய் நீலபதி பெஹரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 1993இல் நீதிமன்றம் அரசே ஒன்றரை லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. அரசு விலக்கி வைத்த அதே உடன்படிக்கைப் பிரிவைத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. இன்று இந்தியாவில் எந்த லாக்கப் மரணத்துக்கும் நீதிமன்றம் இழப்பீடு விதிக்கிறது என்றால், அந்தத் தாயின் கடிதம் அதன் தொடக்கங்களில் ஒன்று. பணியிடத்தில் பெண்களுக்கான பாதுகாப்பும் அப்படித்தான் வந்தது. 1997இல் விசாகா தீர்ப்பு எழுதப்பட்டபோது நாட்டில் அதற்குச் சட்டம் இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றிருந்ததை ஆதாரமாக வைத்து நீதிமன்றம் விதிகளை வகுத்தது. சட்டம் பதினாறு ஆண்டு கழித்து, 2013இல்தான் வந்தது. அந்தப் பதினாறு ஆண்டுகளும் அலுவலகங்களில் பெண்களைக் காத்த விதிகள் ‘பல் இல்லாத’ சர்வதேசச் சட்டத்திலிருந்து பிறந்தவை.

அரசாங்கமோ ஒரு காகிதத்தின் முன் இன்றும் தயங்கி நிற்கிறது. ஹப்ரேயைச் சிறைக்கு அனுப்பிய அதே சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997 அக்டோபர் 14ஆம் தேதி இந்தியா கையெழுத்திட்டது. ஏற்று உறுதிசெய்யவில்லை. 2010இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய்க் காலாவதியானது. 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில், உடன்படிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சட்ட வரைவையும் எழுதியே கொடுத்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் கோப்பு நகரவில்லை.

நகராததால் இறையாண்மை காப்பாற்றப்பட்டதா? 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் போடப்பட்டன. அந்த வழக்கில் தேடப்படும் டென்மார்க் நாட்டவரை இந்தியா பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அனுப்பினால் அங்கே சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்து உண்டு என்று 2011இல் டென்மார்க் உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024இலும் அங்குள்ள நீதிமன்றம் மறுத்தது. வங்கிக் கடன் வழக்கில் விஜய் மல்லையாவைக் கேட்டபோது, மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் கட்டடத்தைப் படம்பிடித்து அனுப்புங்கள் என்றார் லண்டன் நீதிபதி. ஜன்னல் எங்கே, வெளிச்சம் எவ்வளவு, கழிப்பறை எப்படி என்று இந்திய அரசு வீடியோ எடுத்து அனுப்பியது. உலகத்தின் கேள்விக்கு இந்திய அரசு ஏற்கெனவே பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சாதாரண இந்தியனின் கேள்விக்குத்தான் பதில் இல்லை. கோடிகளில் கடன் வாங்கியவருக்குச் சிறையில் காற்றோட்டம் உண்டா என்று காட்டக் கேமரா போகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஓர் இரவு முழுக்க அடிபட்ட செல்போன் கடைக்காரருக்கும் அவர் மகனுக்கும் எந்தக் கேமரா போனது? இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, சில மணி நேர இடைவெளியில் செத்தார்கள். இரவில் நடந்ததைத் துணிந்து சொல்ல ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்ததாலும், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்ததாலும் உண்மை வெளியே வந்தது. ஒவ்வொரு லாக்கப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி உட்கார முடியாது.

உடன்படிக்கையை ஏற்றால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு விடை அந்த வாசகங்களிலேயே இருக்கிறது. சித்திரவதை என்பது தனிக் குற்றமாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். இந்தியாவில் இன்றும் அது காயம், கொடுங்காயம் என்ற பிரிவுகளுக்குள் சிதறிக் கிடக்கிறது. போர், அவசர நிலை, மேலதிகாரியின் உத்தரவு எதையும் சாக்காகச் சொல்ல முடியாது. நம்பத்தக்க அறிகுறி இருந்தால், யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் பாரபட்சமற்ற விசாரணை தொடங்க வேண்டும். அடித்து வாங்கிய வாக்குமூலம், அடித்தவர் மீதான வழக்கைத் தவிர வேறு எந்த வழக்கிலும் சான்றாகாது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் சிகிச்சையும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். இவற்றில் எது இந்தியாவின் இறையாண்மையைக் குறைக்கிறது? காவல் நிலையத்தில் லத்தியைத் தூக்கும் கையைத் தவிர வேறு எதையும் இது கட்டவில்லை.

1946இல் ஸ்மட்ஸை எதிர்த்து நின்றவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டத்தில் ஒரு தமிழ்க் கூலியின் பேரனுக்கு நடப்பது உலகத்தின் விவகாரம் என்று அவர்கள் வாதாடியபோது, நாளை அதே அளவுகோல் டெல்லிக்கும் பொருந்தும் என்று தெரிந்தே வாதாடினார்கள். சட்ட ஆணையத்தின் வரைவு 2017இலிருந்து தயாராக இருக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும், இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 1997இல் போட்ட கையெழுத்தை எப்போது உறுதிசெய்யப்போகிறீர்கள்?